ஐந்து செற்றும் மூன்று செற்றும்

1994ஆம் ஆண்டு விம்பிள்டன் ஆண்கள் இறுதியாட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே விளங்கும். பீற் சம்ப்ராசும் கோரான் இவானிசெவிச்சும் விளையாடினார்கள். 7-6, 7-6, 6-0. ஒருவர் பந்தை மேலே எறிந்து அடிப்பார். எதிரே நிற்பவர் ஒரு எட்டு எடுத்து வைப்பார். அதற்குள் பந்து பின்பக்கத்துத் துணியில் போய் மோதிவிடும். இருவரும் இடம் மாறி நிற்பார்கள். திரும்பவும் அதே. பந்து நாலு தரம் வலையைத் தாண்டிப் போய்வந்தால் அது ஒரு அதிசயம். உலகத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் இரண்டுபேர், முதல் இரண்டு செற்றும் ரைபிறேக் வரைக்கும் போன நெருக்கமான ஆட்டம். போட்டி என்ற சொல்லுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எங்கள் வீட்டு ஹோலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆறு ஆம்பிளைகளில் இரண்டுபேர் நித்திரை.

அதற்கு முந்திய வருடம் அதே புற்தரையில் நடந்த பெண்கள் இறுதியாட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஸ்ரெஃபி கிறாஃபும் யானா நொவோட்னாவும். மூன்றாவது செற்றில் நொவோட்னா 4-1 என்று முன்னுக்கு நிற்கிறார். அடுத்த கேமில் 40-30. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அந்த இடத்தில் சேர்வ் பிழைத்தது. அதோடு கையும் மனமும் சேர்ந்து பிழைக்கத் தொடங்கியது. கிறாஃப் தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 6-4 என்று முடித்துவிட்டார். பரிசளிப்பில் கென்ற் கோமகளின் தோளில் சாய்ந்து நொவோட்னா அழுத படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அன்றைக்கு எங்கள் ஹோலில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. 'பெட்டையளின்ர ரெனிஸ் ஒரு விளையாட்டோ' என்று எப்போதும் கேட்கும் ஒருவர் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடி, கை காயக் காய, வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

போட்டி வேறு, பார்க்கிறவருக்குக் கிடைக்கிற சுவை வேறு என்பதை நான் அந்த இரண்டு ஆட்டங்களிலிருந்துதான் பிரித்து யோசிக்கத் தொடங்கினேன்.

ரெனிஸ் எங்களுக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லவேண்டும். ஊரில் நாங்கள் ரெனிஸ் கண்டவர்கள் அல்ல. நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினேன். ஆம்பிளைப் பிள்ளைகளின் பெரிய கிரிக்கெற் மட்சுக்கு ஊரே திரண்டு போகும், பாண்ட் வாத்தியம் அடிக்கும். எங்கள் வலைப்பந்து மட்சுக்கு ரீச்சர்மாரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற நாலு பெடியன்களும்தான் பார்வையாளர். அதைப்பற்றி அப்போது நாங்கள் ஒன்றும் நினைத்ததில்லை. ரெனிஸ் என்றால் மதராசிலிருந்து வந்த விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் என்ற பெயர்கள் பேப்பரில் வரும். அவ்வளவுதான்.

இவர் 1987இல் ஜேர்மனிக்கு வந்தவர். அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு வேலை செய்யத் தடை. தடை 1991இல்தான் எடுபட்டது. ஹைமில் ஒரு அறைக்கு நாலுபேர், பொதுக்கூடத்தில் ஒரு ரீ.வி. பாஷை தெரியாது, படம் விளங்காது, செய்தி விளங்காது. ரெனிஸ் மட்டும் விளங்கியது. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்கு மொழி தேவையில்லை. ஜேர்மன் எண்களையே தான் ரெனிஸில்தான் பழகியதாக இவர் சொல்லுவார். பதினைந்து, முப்பது, நாற்பது, அதற்குப் பிறகு 'ஐன்ஸ்ராண்ட்'. ஐன்ஸ்ராண்ட் என்றால் ஒருவரும் முன்னுக்கு இல்லை, இரண்டுபேரும் சமம். விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா என்று ஆராவது கேட்டால் ஹைமில் 'ஐன்ஸ்ராண்ட்' என்பார்களாம். அப்படி ஒரு பகிடி.

நேரமும் அப்படி வாய்த்தது. பெக்கர் 1985இல் பதினேழு வயதில் விம்பிள்டன் எடுத்தவர். கிறாஃப் 1988இல் நாலு பெரிய போட்டிகளையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே வருடத்தில் எடுத்தார். ஜேர்மனி முழுக்க றக்கற் பைத்தியம். நான் 1990இல் வந்து சேர்ந்தபோது எங்கள் சனமும் அந்தப் பைத்தியத்துக்குள் இருந்தது. றூர் பகுதியில் எங்களுக்குக் கிடைத்த இரண்டு அறை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் கூடுவார்கள். தேத்தண்ணி என் பொறுப்பு. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் கதவு இல்லாததால் நானும் பார்த்தேன்.

வருபவர்களில் மூத்தவரை எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் கணிதம் படிப்பித்தவர். அவருக்கு எதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பரிசுப்பணக் கதை வந்தால் விடமாட்டார்.

'ஆம்பிளையள் அஞ்சு செற். இவையள் மூண்டு செற். காசு மட்டும் சரிசமனோ? மணித்தியாலக் கணக்குப் போட்டுப் பாருங்கோ.'

கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது பிழையில்லை. ஆனால் கணக்கின் தொடக்கத்தை அவர் சொல்லமாட்டார். 1968இல் விம்பிள்டனில் முதன்முதலாகக் காசு கொடுத்தபோது றொட் லேவருக்கு 2000 பவுண், பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண். அந்த வித்தியாசத்தில் எந்த மணிக்கூடும் இல்லை. 1970இல் ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டொலருக்கு ஒப்பந்தம் எழுதி ஹூஸ்டனில் தனியாக விளையாடத் தொடங்கினார்கள். இனி ஒரு போட்டியிலும் சேர்க்கமாட்டோம் என்று அமெரிக்கச் சங்கம் வெருட்டியது. 1973இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி சமபரிசு கொடுத்தது. விம்பிள்டன் அதற்கு 2007வரை எடுத்துக்கொண்டது. 2006இல் ஆணுக்கு 655,000 பவுண், பெண்ணுக்கு 625,000 பவுண். அந்தக் கடைசி முப்பதாயிரம் பவுணைக் கொடுக்க மனம் வராமல் இருந்ததைப் பார்க்கும்போது, விஷயம் காசு இல்லை என்று விளங்கும்.

பெண்களால் ஐந்து செற் விளையாட ஏலாது என்பதும் கட்டுக்கதை. பெண்களின் வருடக்கடைசிப் போட்டியில் 1984இலிருந்து 1998வரை இறுதியாட்டம் ஐந்து செற்தான். மூன்று தரம் ஐந்தாவது செற்றுக்குப் போனது. 1990இல் நியூயோர்க்கில் மொனிக்கா செலஸ் கபிரியேலா சபாத்தினியை 6-4, 5-7, 3-6, 6-4, 6-2 என்று வென்றபோது செலசுக்குப் பதினேழு வயதுகூட ஆகவில்லை. 1995இல் கிறாஃபும் அங்கே ஹூபரும், இரண்டுபேரும் ஜேர்மன்காரிகள், அதேபோல் ஐந்து செற் அடித்தார்கள். அதற்கும் முன்னால், 1891இலிருந்து 1901வரை, அமெரிக்கப் போட்டியில் நீளப் பாவாடையும் இறுக்கின உள்ளுடுப்புமாகப் பெண்கள் ஐந்து செற் விளையாடியிருக்கிறார்கள். நிறுத்தியது சங்கத்து ஆம்பிளைகள். பெண்ணின் உடம்புக்கு ஆகாதாம்.

ஒருநாள் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே மாஸ்ரரிடம் கேட்டேன்: 'மாஸ்ரர், தெட்சணாமூர்த்தியின்ர தவிலுக்குக் காசு குடுத்தவை மணிக்கூடு பாத்தே குடுத்தவை?'

அவர் சிரித்தார். தவில் என்றால் அவருக்கு உயிர். ஆனால் விடவில்லை. 'பிள்ளை, அது கலை. இது போட்டி.'

நான் கேட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. அப்போது நான் ஒரு கந்தோர்க் கட்டிடத்தில் துப்புரவு வேலை செய்தேன். பின்னேரம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை. பெண்கள் நாங்கள் வாளியும் துணியுமாக மேசை, கழிவறை, குப்பைக்கூடை. ஒரேயொரு ஆம்பிளை, எங்கள் ஆள்தான், நிலம் துடைக்கிற மெசினைத் தள்ளிக்கொண்டு போவார். அவருக்கு மணித்தியாலத்துக்கு எங்களைவிட இரண்டு மார்க் கூட. ஏன் என்று மேற்பார்வைப் பெண்ணிடம் கேட்டேன். மெசின் பாரமானது என்றாள். அது சில்லில் ஓடுகிற மெசின். வாளிக்குச் சில்லு இல்லை. இதை நான் ஹோலில் சொன்னபோது ஒருவரும் மணித்தியாலக் கணக்குப் போடவில்லை.

சரி, விளையாட்டுக்கு வருவோம். பெண்கள் ஆட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வருடங்களில் முதல் இரண்டு மூன்று சுற்றுகளைப் பார்ப்பது சில நேரம் பாவமாக இருக்கும். 6-0, 6-1. கிறாஃபுக்கு எதிரே நிற்கும் பிள்ளை வியர்க்கமுன் வீட்டுக்குப் போய்விடும். 1988 பாரிஸ் இறுதியாட்டத்தில் கிறாஃப் நத்தாஷா ஸ்வெரெவாவை 6-0, 6-0 என்று அடித்து முடிக்க அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடவே எடுத்தது. காசு கொடுத்து உள்ளே வந்த சனத்துக்கு அது போட்டியும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. நூறாவது இடத்தில் நின்ற ஆண் முதலாவது இடத்தில் நின்றவரை வெருட்டக்கூடியதாக இருந்தது. பெண்களில் அந்த ஆழம் அன்றைக்குக் குறைவு. இதை ஒத்துக்கொள்ளாமல் வாதாடுவதில் பிரயோசனமில்லை. ஆனால் 1992இல் ஹொலண்ட் ஆட்டக்காரர் றிச்சார்ட் கிறாயிசெக் முன்னணிப் பெண்களில் பெரும்பான்மையோரைக் கொழுத்த சோம்பேறிப் பன்றிகள் என்று பேசினாரே, அது விமர்சனம் இல்லை. வேறு வகை.

மற்றப் பக்கத்தில் ஆண்கள் ஆட்டத்தின் நோய் சேர்வ். மரச்சட்ட றக்கற் போய் கிராஃபைற் வந்தபிறகு, ஆறடிக்கு மேலான ஒருவர் மணிக்கு இருநூறு கிலோமீற்றரில் அடிக்கும் பந்து எதிராளியிடம் வர அரைச் செக்கன் அளவுதான். வேகமான புல்லில் அதைத் திருப்புவது பாதி அதிர்ஷ்டம். ஆண்களில் ஏறக்குறைய ஐந்துக்கு நாலு கேமைச் சேர்வ் அடிப்பவரே எடுத்துவிடுகிறார். பெண்களில் அது மூன்றுக்கு இரண்டுக்குக் கிட்ட. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் சுவை முழுக்க இருக்கிறது. யார் சேர்வ் அடித்தாலும் கேம் போகலாம், வரலாம் என்றால் நீங்கள் எழும்பித் தண்ணி குடிக்கவும் போகமாட்டீர்கள்.

1995 விம்பிள்டன் பெண்கள் இறுதியாட்டத்தில் கிறாஃபும் அரான்ச்சா சஞ்செசும் மூன்றாவது செற்றில் 5-5 என்று நின்றபோது ஒரு கேம் இருபது நிமிடம் ஓடியது. 32 புள்ளிகள். பதின்மூன்று தரம் ஐன்ஸ்ராண்ட். அந்தக் குட்டையான ஸ்பானியப் பெண் மூலைக்கு மூலை ஓடி, விழவேண்டிய பந்தையெல்லாம் திருப்பி அனுப்பினார். கிறாஃப் அந்தக் கேமை உடைத்து 7-5 என்று வென்றார். சஞ்செஸ் தோற்றார் என்று எனக்கு இன்றைக்கும் நினைப்பு வருவதில்லை, ஓடினதுதான் நினைப்பு. மாஸ்ரர் அந்த இருபது நிமிடமும் எழும்பி நின்றார். பிறகு இருந்துகொண்டு, 'ஒரு கேமுக்கு இருபது நிமிஷம் எண்டால் காசு சரிதான்' என்றார்.

ஆணும் பெண்ணும் மோதினால் ஆர் வெல்லுவது என்ற கதை எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை வரும். 1973இல் ஹூஸ்டன் அஸ்ரோடோமில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சனத்துக்கு முன்னால் பில்லி ஜீன் கிங் பொபி றிக்ஸை 6-4, 6-3, 6-3 என்று வென்றார். றிக்சுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அதே வருடம் மே மாதத்தில் அவர் மார்கிறெற் கோர்ட்டை 6-2, 6-1 என்று அடித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1998இல் அவுஸ்திரேலியாவில் கார்ஸ்டன் பிறாஷ் என்ற ஜேர்மன்காரர், தரவரிசையில் 203ஆவது ஆள், சிகரெற்றும் பியருமாகத் திரிபவர், வில்லியம்ஸ் சகோதரிகள் இருவரையும் அடுத்தடுத்து ஒவ்வொரு செற்றில் வென்றார். செரினாவை 6-1, வீனசை 6-2. எங்கள் ஹோலில் அந்த வாரம் கலியாண வீடு மாதிரிச் சந்தோஷம். நான் கேட்டது இதுதான்: 203ஆவது ஆம்பிளையின் ஆட்டத்தைப் பார்க்க நீங்கள் ரிக்கற் எடுப்பீர்களா? பிறாஷின் மட்ச் ஒன்றையாவது முழுதாய்ப் பார்த்திருக்கிறீர்களா? குத்துச்சண்டையில் ஐம்பது கிலோக்காரனைத் தொண்ணூறு கிலோக்காரன் அடிப்பான் என்பதற்காக ஐம்பது கிலோக்காரனின் சண்டையை ஒருவரும் பார்க்காமல் விடுவதில்லை.

இனி எழுதவேண்டிய விஷயத்தை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் பெண்கள் ரெனிசுக்கு உண்மையான போட்டியைக் கொண்டுவந்தவர் மொனிக்கா செலஸ். யூகோஸ்லாவியாவில் நோவி சாத் நகரத்தில் ஒரு சிறுபான்மை ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்தவர். முன்கை பின்கை இரண்டையும் இரண்டு கைகளாலும் அடிப்பார். அடிக்கும்போது சத்தம் போடுவார். அதற்காக 1992இல் விம்பிள்டனில் சத்தமானி வைக்காத குறையாகப் பேப்பர்கள் பேசின. பெக்கர் முக்கினால் அது வீரம். 1990இல் பதினாறு வயதில் பாரிஸில் கிறாஃபை வென்றார். 1991 தொடக்கம் 1993 தைவரை அவர் விளையாடிய எட்டுப் பெரிய போட்டிகளில் ஏழை எடுத்தார். 1992 பாரிஸ் இறுதியாட்டத்தில் 6-2, 3-6, 10-8 என்று கிறாஃபை வென்றது நான் பார்த்த ஆட்டங்களில் முதலாவது என்பேன், ஆண் பெண் இரண்டிலும் சேர்த்து.

1993 ஏப்ரல் 30. ஹாம்பேர்க். காலிறுதியில் மலேவாவுக்கு எதிராக 6-4, 4-3 என்று முன்னுக்கு நின்று, இடம்மாறும் நேரத்தில் கதிரையில் இருந்து தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெண்ணின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். யூகோஸ்லாவிய யுத்தத்தோடு தொடர்பாயிருக்கும் என்றுதான் முதலில் கதைத்தார்கள். அவன் கிறாஃபின் பக்தன். 'எங்கள் ஸ்ரெஃபி' திரும்ப முதலாம் இடத்துக்கு வரவேண்டும் என்பதுதான் காரணம். நீதிமன்றம் இரண்டு வருடத் தண்டனை கொடுத்து அதையும் ஒத்திவைத்தது. அவன் வீட்டுக்குப் போனான். செலஸ் அதற்குப் பிறகு ஜேர்மனியில் ஒருநாளும் விளையாடவில்லை. ஹாம்பேர்க் போட்டியை நிறுத்தவும் இல்லை. இரண்டு நாளில் இறுதியாட்டம் நடந்தது. செலசின் இடத்தை அப்படியே காத்துவைப்பதா என்று முன்னணி வீராங்கனைகளிடம் வாக்கெடுத்தபோது சபாத்தினி மட்டும் எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நின்றார்.

அந்த வருடங்கள் எங்களுக்கு எப்படி இருந்தன என்று ஜேர்மனியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1992 ஆவணியில் றொஸ்ரொக்கில் வெளிநாட்டுக்காரர் இருந்த கட்டிடத்துக்குக் கல்லெறிந்து நெருப்பு வைத்தபோது அயலட்டம் நின்று கைதட்டியது. கார்த்திகையில் மோல்ன். செலசைக் குத்தி ஒரு மாதத்தில், மே 29இல், சோலிங்கன். ஒரு துருக்கிக் குடும்பத்தில் ஐந்துபேர் எரிந்து செத்தார்கள். எங்களுக்கு அது கிட்டிய ஊர். அந்தக் கிழமை இவர் ஒரு நீளக் கயிறு வாங்கிவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தார். நாங்கள் இரண்டாம் மாடி. குத்தினவனுக்கு அரசியல் எதுவும் இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்த ஒருத்தி எங்கள் பிள்ளையை வெல்லக்கூடாது என்ற எண்ணம் முதுகில் கத்தியாக இறங்கியதை நாங்கள் ரீ.வியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மாஸ்ரர் அன்றைக்கு ஒரு கணக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாலு பெரிய போட்டிகளையும் கிறாஃப் எடுத்தார். அது அவருடைய பிழை இல்லை. ஆனால் போட்டி இல்லை. பேப்பர்கள் பெண்கள் ரெனிஸில் ஒருவரே வெல்லுகிறார், சலிப்பாயிருக்கிறது என்று எழுதின. சலிப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. செலஸ் 1995 ஆவணியில் ரொறன்ரோவில் திரும்பி வந்தார். முதல் போட்டியையே வென்றார். அங்கே இருந்த என் தங்கச்சி மைதானத்துக்கு வெளியே நின்று போனில் விபரம் சொன்னாள். உள்ளே போகக் காசில்லை. 1996இல் அவுஸ்திரேலியாவில் இன்னொன்று எடுத்தார். ஒன்பதோடு நின்றது. குத்துவாங்க முன் எட்டு, பிறகு ஒன்று.

இப்போது நிலைமை வேறு. 2001இல் விம்பிள்டன் புல்லை மாற்றியது. பந்து உயர்ந்து எழும்புகிறது. ஆண்களும் பின்கோட்டில் நின்று பந்தைத் திருப்புகிறார்கள். 2025 பாரிஸ் இறுதியாட்டத்தில் அல்கராசும் சின்னரும் ஐந்து மணித்தியாலம் இருபத்தொன்பது நிமிடம் விளையாடினார்கள். நான் சமையல் விட்டுவிட்டு இருந்து பார்த்தேன். 1994ஐ நினைத்தால் இது வேறொரு விளையாட்டு. பெண்களிலும் ஆழம் வந்துவிட்டது. முதல் சுற்றிலேயே முன்னணிக்காரி தோற்பது இன்று செய்தியே இல்லை. ஆனால் பாரிஸில் இரவு ஆட்டம் என்று தனி ரிக்கற் விற்கிறார்களே, 2022இல் பத்து இரவில் ஒன்று பெண்களுக்கு. 2024இலும் 2025இலும் ஒன்றுகூட இல்லை. மூன்று செற் கெதியாய் முடிந்துவிடும், காசு கொடுத்தவர்களுக்கு நட்டம் என்கிறார்கள். மாஸ்ரரின் மணிக்கூடு பாரிசுக்குப் போய்விட்டது.

மாஸ்ரர் இப்போது லண்டனில் மகளோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. 2025 ஆடியில் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் இகா ஸ்வியான்ரெக் அமண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று ஐம்பத்தேழு நிமிடத்தில் வென்றபோது உடனே போன் எடுத்தார்.

'பிள்ளை, உதுக்கு என்ன சொல்லுறாய்? அம்பத்தேழு நிமிஷம்.'

'ஸ்வெரெவாவைவிட அரைவாசிக்கு மேல கூட நிண்டிருக்கிறாள் மாஸ்ரர்' என்றேன். அவர் சிரித்தாலும், அந்தப் பெண் ஒரு கேமாவது எடுக்கவேண்டும் என்று நான் ரீ.விக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு இருந்ததை நான் சொல்லவில்லை.

ஏழெட்டுக் கிழமை கழித்து, புரட்டாதி தொடக்கத்தில், நியூயோர்க்கில் காலிறுதியில் அதே இருவரும் திரும்பச் சந்தித்தார்கள். முடிந்ததும் மாஸ்ரருக்குப் போன் எடுக்கவேண்டும் என்று எழும்பினேன். அதற்குள் அவரே எடுத்துவிட்டார்.

'6-4, 6-3. அனிசிமோவா' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு அவருடைய முழங்கால் நோவைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.